குழந்தைகளுக்கு ஓர் ஆற்றைச் சொல்லிக்கொடுப்பது எப்படி? தாமிரபரணியை வைத்து ஒரு வழிகாட்டி

ஆற்றைப் பற்றிக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்க உட்காரும் பெரியவர்களில் பலர் கலைச்சொற்களில் தொடங்கிவிடுகிறார்கள். துணையாறு, கிளையாறு, வடிநிலம், கழிமுகம் என்று நான்கு சொற்களைக் கரும்பலகையில் எழுதி, எதிரே விளக்கமும் எழுதிவிட்டால் பாடம் முடிந்தது. தேர்வில் குழந்தை அதைச் சரியாகவே எழுதிவிடும். ஆனால் பாலத்தின் மேல் பஸ் போகும்போது, "இந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். விழிக்கும்.

உதாரணத்துக்கு நைல், அமேசான் என்று தூரதேசம் போவதும் வழக்கமாகிவிட்டது. அவை பெரிய ஆறுகள் என்பதில் சந்தேகமில்லை. அந்தப் பெருமையே எட்டு வயதுக் குழந்தைக்குச் சிரமம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்தை அதனால் மனத்தில் பிடித்துவைக்க முடியாது.

முதல் ஆறு சிறியதாக இருக்க வேண்டும். மலையிலிருந்து கடல்வரை முழுதாகப் பார்க்கக்கூடியதாக, ஆண்டு முழுவதும் தண்ணீர் உள்ளதாக இருக்க வேண்டும். அதற்குத் தாமிரபரணியைவிடப் பொருத்தமான ஆறு தமிழ்நாட்டில் இல்லை என்பது என் கட்சி. நீளம் சுமார் 125 கிலோமீட்டர்தான். பொதிகை மலையில் பிறந்து, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. பிறப்பும் முடிவும் ஒரே மாநிலத்துக்குள். காலையில் பாபநாசத்தில் கிளம்பினால் மாலையில் கடலைப் பார்த்துவிடலாம். இந்த வசதி காவிரிக்குக் கிடையாது.

கீழே உள்ள படிகளை 8 முதல் 13 வயதுக் குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்துவிட வேண்டாம். முதல் மூன்று படிகளுக்கு வீடு போதும். அதன் பிறகுதான் ஆற்றங்கரை.

முதல் படி: ஒரு காகிதத்தைக் கசக்குங்கள்

ஒரு வெள்ளைத் தாளை நன்றாகக் கசக்கி, பாதி மட்டும் விரித்து மேசைமேல் வையுங்கள். மேடும் பள்ளமுமாக ஒரு மலைத்தொடர் தயார். தண்ணீரில் கரையும் ஸ்கெட்ச் பேனாவால் மேடுகளின் உச்சியில் மட்டும் நீலக் கோடு போடச் சொல்லுங்கள். பிறகு தெளிப்பானால் மெல்லத் தண்ணீர் தெளிக்க வேண்டும். நீலம் கரைந்து சரிவில் இறங்கும், சிறு கோடுகள் சேர்ந்து பெரிய கோடாகும், பள்ளங்களில் தேங்கும்.

தெளிப்பதற்கு முன், தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று விரலால் காட்டச் சொல்ல மறக்காதீர்கள். ஊகிக்காமல் பார்ப்பது வெறும் வேடிக்கை. ஊகம் பொய்த்துப்போகும்போதுதான், "ஏன் அங்கே போனது?" என்ற கேள்வி பிறக்கும்.

இந்த விளையாட்டிலிருந்து குழந்தைக்கு இரண்டு விஷயம் புரிய வேண்டும். தண்ணீருக்குத் திசை தெரியாது, சரிவு மட்டுமே தெரியும். தாமிரபரணி கிழக்கே ஓடுவதற்குக் காரணம் நிலம் கிழக்கே சரிந்திருப்பதுதான். இரண்டாவது, ஒரு முகட்டின் இரு பக்கமும் விழும் மழை இரு வேறு ஊர்களுக்குப் போகிறது. பொதிகை என்று சொல்லும் அகத்தியமலையின் கிழக்குச் சரிவில் விழும் மழை தாமிரபரணியாகி மன்னார் வளைகுடாவுக்கு வருகிறது. மேற்குச் சரிவில் விழுவது நெய்யாற்றில் சேர்ந்து கேரளம் வழியாக அரபிக்கடலுக்குப் போகிறது. முகட்டில் பக்கத்தில் பக்கத்தில் விழுந்த இரண்டு துளிகள் இரண்டு கடல்களுக்குப் பிரிந்து போவதைச் சொன்னால், கவனிக்காத குழந்தையும் நிமிர்ந்து உட்காரும். நீர்ப்பிரிமுகடு என்ற சொல்லை அப்போது சொல்லுங்கள். அதற்கு முன் சொன்னால் வீண்.

இரண்டாம் படி: வரைபடத்தில் தண்ணீரைத் துரத்துங்கள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்கள் மூன்றும் தெரியும் வரைபடம் ஒன்று வேண்டும். கைப்பேசித் திரையில் காட்டாதீர்கள். பெரிதாக அச்செடுத்து, அதன்மேல் மெல்லிய தாளை வைத்துக் குழந்தையே வரைய வேண்டும்.

கடலில் தொடங்கி மலையை நோக்கி வரைவது நல்லது. கீழிருந்து மேலே போகும்போது ஒவ்வொரு பிரிவிலும் நின்று, "இதில் எது தாமிரபரணி, எது வந்து சேருவது?" என்று யோசிக்க வேண்டியிருக்கும். புன்னைக்காயலில் தொடங்கினால் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டியதும் சீவலப்பேரியில் ஒரு பிரிவு வரும். அது சிற்றாறு, குற்றாலத்திலிருந்து வருவது. போன சாரல் காலத்தில் அருவியில் குளித்த குழந்தையிடம், "உன் தலையில் விழுந்த தண்ணீர் இங்கே வந்துதான் தாமிரபரணியில் சேர்ந்தது" என்று சொல்லிப் பாருங்கள். துணையாறு என்ற சொல்லுக்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

மேலே போகப்போகப் பச்சையாறு, திருப்புடைமருதூரில் கடனாநதி, அதற்கும் மேலே மணிமுத்தாறு, மலைக்குள் சேர்வலாறு என்று ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றும் எந்தக் கரையில் வந்து சேருகிறது என்றும் எழுதச் சொல்லுங்கள். இங்கே ஒரு குழப்பம் வரும். ஆற்றின் இடக்கரை, வலக்கரை என்பது தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நிற்கும்போது நம் இடமும் வலமும். எதிரே நின்று பார்த்தால் மாறிவிடும். அந்தக் கணக்கில் திருநெல்வேலி நகரம் இடக்கரை, பாளையங்கோட்டை வலக்கரை. சிற்றாறும் கடனாநதியும் இடப்பக்கத்திலிருந்து வருகின்றன. மணிமுத்தாறும் பச்சையாறும் வலப்பக்கத்திலிருந்து.

எல்லாத் துணையாறுகளையும் வரைந்த பிறகு, அவற்றின் நுனிகளை வெளிப்புறமாகச் சுற்றி ஒரே கோடு போடச் சொல்லுங்கள். அந்தக் கோட்டுக்குள் எங்கே மழை விழுந்தாலும், ஆவியாகிப் போனதும் மண் குடித்ததும் குளத்தில் தேங்கியதும் தவிர மீதி தாமிரபரணிக்குத்தான் வரும். வடிநிலம் என்பது இதுதான். பாடநூல் படங்களில் ஆறு ஒரு நீலக் கோடாக மட்டுமே இருப்பதால், ஆறு என்றால் அந்தக் கோடு என்றே குழந்தைகள் நினைத்துக்கொள்கிறார்கள். கோட்டைச் சுற்றியுள்ள நிலம் முழுவதும் ஆற்றின் சொத்து என்பதை இந்த ஒரு வரைபடம் காட்டிவிடும்.

மூன்றாம் படி: உயரத்தை வரையுங்கள்

கட்டத்தாளில் கீழே தூரம், பக்கவாட்டில் உயரம். ஆறு பிறக்கும் இடம் ஏறத்தாழ 1700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திருநெல்வேலி நகரம் கடல்மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. புன்னைக்காயலில் பூஜ்யம். மலைக்குள் ஓடும் முதல் 25 கிலோமீட்டர் அளவிலேயே ஆறு தன் உயரத்தில் பெரும்பகுதியை இறங்கிவிடுகிறது. இந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் முதலில் செங்குத்தாக விழுந்து, பிறகு தரையோடு தரையாகப் படுத்துவிடும் ஒரு வளைகோடு கிடைக்கும். தோராயமாக இருந்தால் போதும். துல்லியம் இந்த வயதில் முக்கியமில்லை.

வரைந்த பிறகு அந்தக் கோட்டைச் சுவரில் ஒட்டி வையுங்கள். இனி வரும் எல்லாக் கேள்விகளுக்கும் அதைத்தான் காட்டப் போகிறீர்கள். அருவிகளெல்லாம் ஏன் மேலேயே இருக்கின்றன? நீர்மின் நிலையம் ஏன் பாபநாசத்தில் இருக்கிறது, ஏன் ஸ்ரீவைகுண்டத்தில் இல்லை? நெல்லும் வாழையும் ஏன் கீழே? எல்லாவற்றுக்கும் விடை அந்தக் கோட்டின் சாய்வில் இருக்கிறது.

நான்காம் படி: கரைக்குப் போங்கள், கல்லைப் பாருங்கள்

நீண்ட படி இதுதான். மற்றவற்றைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள்.

ஓடும் தண்ணீருக்கு மூன்று வேலை. அரிப்பது, சுமப்பது, இறக்கிவைப்பது. வேகம் இருக்கும் இடத்தில் அரிக்கும். வேகம் குறையும் இடத்தில் சுமையை இறக்கிவைக்கும். கனமானதை முதலில் இறக்கும், இலேசானதைக் கடைசியில். ஆற்றின் புவியியலில் பாதி இந்த மூன்று வாக்கியங்களுக்குள் வந்துவிடும். வாயால் சொன்னால் பதியாது. கல்லைக் காட்டிச் சொன்னால் பதியும்.

பயணத்தைப் பாபநாசத்தில் தொடங்குங்கள். பிறப்பிடமான பூங்குளம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் உள்காட்டில் இருக்கிறது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகும் இடமில்லை. அகத்தியர் அருவிக்குப் போவதானால் வனத்துறைச் சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டும். அன்றைக்கு அனுமதி உண்டா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

பாபநாசத்தில் பெரிய பாறைகளும் உருண்டைக் கற்களும் கிடக்கும். ஒரு கல்லைக் கையில் கொடுத்து விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மலையிலிருந்து உடைந்து விழும்போது கூர்மையாக இருந்த கல், மற்றக் கற்களோடு மோதி உரசி மழுங்கியிருக்கிறது. எவ்வளவு உருண்டையோ அவ்வளவு பயணம். இந்த ஊரில் வேறொன்றும் கண்ணில் படும்: பரிகாரம் என்ற பேரில் ஆற்றில் விட்டுப்போன பழைய துணிகள். குழந்தை கேட்டால் மழுப்பாதீர்கள். துணி தண்ணீரில் கரையாது, அடுத்த படித்துறையில் போய்ச் சிக்கும் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, கடனாநதி சேரும் திருப்புடைமருதூர். இரண்டு ஆறுகள் சேரும் இடத்தை நேரில் பார்ப்பது குழந்தைகளுக்குத் தனி மகிழ்ச்சி. மலையில் மழை பெய்த சமயமானால் இரண்டு தண்ணீரும் இரண்டு நிறமாக வந்து, கொஞ்ச தூரம் கலக்காமலே ஓடுவதைக்கூடப் பார்க்க வாய்ப்புண்டு. இங்குள்ள மருத மரங்களில் பறவைகள் கூடு கட்டும்; ஊரார் அவற்றைத் தொந்தரவு செய்வதில்லை. நீங்களும் பட்டாசு, ஒலிபெருக்கி என்று போய்விடாதீர்கள்.

திருநெல்வேலியில் குறுக்குத்துறை. ஆற்றின் நடுவிலேயே முருகன் கோயில். பெருவெள்ளம் வந்தால் கோயில் மூழ்கும், வடிந்தால் வெளியே வரும். பகுத்தறிவுள்ள எந்தக் குழந்தையும், "பிறகு ஏன் இங்கே கட்டினார்கள்?" என்று கேட்கும். நல்ல கேள்வி. கோயில் நிற்பது அடிப்பாறையின்மேல். இங்கே ஆற்றில் தெரியும் பாறைகளைப் பார்த்து, "கல்லெல்லாம் மேலேயே இறங்கிவிடும் என்றீர்களே?" என்று யாராவது மடக்கினால், அந்தக் குழந்தையைப் பாராட்டுங்கள். இந்தப் பாறைகளை ஆறு சுமந்து வரவில்லை. அவை முன்பே இருந்த தரை. மேலிருந்த மண்ணை ஆறு அரித்தெடுத்ததால் வெளியே தெரிகின்றன. ஆறு கொண்டுவந்தது அவற்றுக்கிடையே கிடக்கும் மணல்.

அப்படியே கொக்கிரகுளம் பக்கம் நடந்து சுலோசன முதலியார் பாலத்தைக் காட்டிவிடுங்கள். 1843-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் நெல்லைக்கும் பாளைக்கும் நடுவே போக்குவரத்து பரிசலும் படகும்தான். ஆறு ஊரைப் பிரிக்கும், பாலம் ஊரைச் சேர்க்கும் என்பதும் புவியியல்தான்.

ஸ்ரீவைகுண்டம் தாண்டினால் கல்லே காணாமல் போய்விடும். வயல்களில் இருப்பது விரலில் ஒட்டும் வண்டல். பாபநாசம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் மூன்று இடத்திலிருந்தும் ஒரு பிடி மண் எடுத்து வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றையும் ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி வைக்க வேண்டும். மணல் உடனே அடியில் படியும். வண்டல் சில மணி நேரம் எடுத்துக்கொள்ளும். களிமண் மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். 125 கிலோமீட்டரில் ஆறு செய்ததை ஒரு புட்டி ஒரே இரவில் செய்து காட்டிவிடும்.

கரையில் செய்யவேண்டிய அளவீடு ஒன்றும் உண்டு. கரையோரமாகப் பத்து மீட்டர் அளந்து இரண்டு குச்சி நடுங்கள். ஆரஞ்சுத் தோலைத் தண்ணீரில் எறிந்து, முதல் குச்சியிலிருந்து இரண்டாம் குச்சிக்குப் போக எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். கரையோரம் ஒன்று, நடு ஆற்றில் ஒன்று. நடுவில் எறிந்தது முந்தும். கரையும் தரையும் தண்ணீரைப் பிடித்து இழுப்பதுதான் காரணம். ஆறு வளையும் இடமாக இருந்தால் இன்னும் நல்லது. வளைவின் வெளிப்பக்கம் தண்ணீர் வேகமாக ஓடிக் கரையை அரிக்கும். அங்கே ஆழம் அதிகம். உட்பக்கம் மெதுவாக ஓடி மணலை இறக்கும், அங்கே மணல்திட்டு. எதிர்க்கரை செங்குத்தாக வெட்டிவிட்டதுபோல் இருந்தால், அதன் அடியில் கசம், அதாவது ஆழமான நீர்ப்பள்ளம், இருக்கிறது என்று அர்த்தம்.

பாதுகாப்பும் அங்கேயே இருக்கிறது. மணல்திட்டு சரிவாகத்தானே இருக்கிறது என்று நம்பி நடுவே நடந்து போகிறவர்கள்தான் கசத்தில் விழுகிறார்கள். மணல் அள்ளிய குழிகள் வேறு எங்கெங்கோ கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கின்றன. ஆகவே சில கறார் விதிகள்: உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையைத் தவிர வேறெங்கும் இறங்கக்கூடாது. அளவெடுக்கும்போது குழந்தை கரையில், பெரியவர் தண்ணீருக்கும் குழந்தைக்கும் நடுவில். அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அன்றைக்குப் பயணமே வேண்டாம். வானம் வெளுத்திருந்தாலும் மலையில் பெய்த மழை வந்து சேரும்.

ஐந்தாம் படி: மனிதன் கைவைத்த இடங்கள்

இயற்கையோடு நிறுத்திக்கொள்ளும் புவியியல் பாடம் பாதிப் பாடம். தாமிரபரணியில் கடல்வரை எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. மற்றவை அதற்கும் முந்தியவை. பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். நதியுண்ணி என்ற பெயரை மட்டும் சொல்லிப் பாருங்கள், ஆற்றையே விழுங்கும் அணைக்கட்டா என்று குழந்தைகள் சிரிப்பார்கள். மற்றவை தானாக ஒட்டிக்கொள்ளும்.

அணைக்கும் அணைக்கட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரியவர்களே குழப்பிக்கொள்கிறார்கள். பாபநாசம், மணிமுத்தாறு போன்ற அணைகள் தண்ணீரைத் தேக்கிவைக்கின்றன. அணைக்கட்டு தேக்குவதற்கில்லை. ஆற்றின் குறுக்கே தாழ்வாக ஒரு சுவர்; தண்ணீர் மட்டத்தைச் சற்று உயர்த்தி, பக்கத்துக் கால்வாய்க்குள் திருப்பிவிட்டு, மீதியைத் தன் தலைமேல் வழியவிடும். பழவூரிலிருந்து பாளையங்கால், சுத்தமல்லியிலிருந்து நெல்லைக் கால்வாய் என்று இப்படித்தான் கிளம்புகின்றன. கால்வாய் குளத்தில் முடியும், குளத்தின் மடையிலிருந்து வயலுக்குப் போகும்.

இங்கே மூன்றாம் படியின் வளைகோட்டைத் திரும்பப் பாருங்கள். சமவெளியில் நிலம் மெல்லச் சரிவதால்தான் இது முடிகிறது. ஆற்றைவிடக் குறைவான சரிவில் கால்வாயை வெட்டினால், போகப்போகக் கால்வாய் ஆற்றைவிட உயரத்தில் நிற்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள நிலத்துக்கு மோட்டார் இல்லாமலே தண்ணீர் இறங்கும். மோட்டார் என்ற பேச்சே இல்லாத காலத்தில் இதைக் கணக்குப் போட்டு வெட்டியிருக்கிறார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இதை வரைந்து காட்டினால் புரியும், சிறியவர்களை விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: ஓர் ஆண்டு முழுக்கச் செய்தித்தாள்

செலவில்லாத படி. நெல்லைப் பதிப்பு நாளிதழ்களில் அணைகளின் நீர்மட்டம் வருகிறது. பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. வாரம் ஒருமுறை பாபநாசம் அணையின் மட்டத்தை மட்டும் ஒரு தாளில் புள்ளி வைத்து வரச் சொல்லுங்கள்.

"நீர்வரத்து வினாடிக்கு 1000 கன அடி" என்று போட்டிருப்பார்கள். கன அடி என்றால், எல்லாப் பக்கமும் ஓர் அடி உள்ள பெட்டி. அதில் 28 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஏறக்குறைய இரண்டு குடம். ஆக, கண்ணை மூடித் திறப்பதற்குள் இரண்டாயிரம் குடம் தண்ணீர் அணைக்குள் வந்துவிடுகிறது. இதைக் கேட்ட பிறகு குழந்தை அந்த எண்களைத் தானாகவே தேடும்.

ஓர் ஆண்டு வரைந்தால் கோட்டில் இரண்டு ஏற்றங்கள் தெரியும். ஜூன் மாதத்துக்குப் பிறகு ஒன்று, அக்டோபருக்குப் பிறகு இன்னொன்று. தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்கிறது. நெல்லையில் காற்று மட்டும் அடிக்கும், ஆனால் ஆற்றில் தண்ணீர் வரும். வடகிழக்குப் பருவமழை மலை, சமவெளி இரண்டிலும் பெய்கிறது. இரண்டு மழையும் கிடைப்பதாலும், பொதிகையின் காடும் புல்வெளியும் மழையைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதாலும்தான் தாமிரபரணி வற்றாத ஆறு. ஜூனில் நட்டு அறுப்பது கார் சாகுபடி, அக்டோபருக்கு மேல் பிசானம். வீட்டில் தாத்தாவோ ஆச்சியோ விவசாயம் பார்த்தவர்களாக இருந்தால், கார் நெல்லும் பிசான நெல்லும் எப்படி வேறுபட்டன என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைவிட நன்றாகச் சொல்வார்கள்.

வெள்ளத்தையும் பேச வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நடந்ததை இந்தப் பகுதிக் குழந்தைகள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி மழையைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலில் பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கியிருந்தார்கள். இரண்டாம் படியில் வரைந்த வடிநிலக் கோட்டை எடுத்துக் காட்டுங்கள். மலையில் பெய்ததும் சமவெளியில் பெய்ததும் ஒரே நேரத்தில் அந்தக் கோட்டுக்குள் சேர்ந்தன. சரிவு குறைந்த கடைசிப் பகுதியில் தண்ணீரால் வேகமாக வெளியேற முடியவில்லை, அகலமாகப் பரவியது. ஆற்றுக்குக் கோபம் என்றெல்லாம் கதை சொல்ல வேண்டாம். பயந்த குழந்தைக்குக் காரணம் தெரிந்தால்தான் பயம் குறையும்.

ஏழாம் படி: கடல் எங்கே போனது?

கடைசிப் பயணம் கீழே. ஆதிச்சநல்லூரில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆற்றின் வலக்கரையில் உயரமான பறம்பு. முதுமக்கள் தாழிகளை இங்கே புதைத்திருக்கிறார்கள். தாழிகளைக் காட்டுவதோடு நிறுத்தாமல், "இறந்தவர்களை ஏன் இந்த மேட்டில் புதைத்தார்கள், கீழே அந்த வயலில் ஏன் புதைக்கவில்லை?" என்று கேளுங்கள். வெள்ளம் ஏறாத, உழவுக்கும் ஆகாத நிலம் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு கொற்கை. பாண்டியரின் துறைமுகம், முத்துக்குப் பேர்போனது என்று பாடத்தில் படித்த குழந்தை, கடலைத் தேடும். வயல்தான் இருக்கும். கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கிறது. நான்காம் படியின் புட்டியை நினைவூட்டுங்கள். ஆறு கடைசியாக இறக்கிவைக்கும் வண்டலெல்லாம் கடலோரத்தில்தான் சேர்கிறது. சேர்ந்து சேர்ந்து நிலம் வளர்ந்தது, துறைமுகத்தில் கப்பல் வர முடியாமல் போனது. வணிகம் கடலை நோக்கி நகர்ந்து காயலுக்குப் போனது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்து இறங்கியது அங்கே. பிறகு காயலும் உள்நாடாகி இன்று பழையகாயல் என்று பெயர் வாங்கிவிட்டது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் புன்னைக்காயலில் இருந்தார்கள். வரைபடத்தில் கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல் மூன்றையும் புள்ளி வைத்துக் காட்டினால், ஆறு கடலைத் தள்ளிக்கொண்டே போனது கோடாகத் தெரியும். வரலாறும் புவியியலும் ஒரே பாடம் என்று சொல்லாமலே புரியவைக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

புன்னைக்காயல் அருகே ஆறு பல கிளைகளாகப் பிரிகிறது. சரிவு தீர்ந்துவிட்டது, தான் இறக்கிவைத்த மண்ணே தனக்குக் குறுக்கே நிற்கிறது, சுற்றிக்கொண்டு புதுப் பாதை தேடுகிறது. கிளையாறு என்ற சொல் இங்கே வரட்டும். சுற்றிலும் உப்பளங்களும் அலையாத்திச் செடிகளும் தெரியும். அனுமதி கேட்டு, தண்ணீரை ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்க்கலாம் என்று குழந்தைகள் ஆசைப்படுவார்கள். விடாதீர்கள், மேலே உள்ள ஊர்களின் கழிவெல்லாம் கலந்து வரும் தண்ணீர் அது. கையில் எடுத்துக் காயவிட்டால் தோலில் வெள்ளையாக உப்புப் பூக்கும், அதுவே போதும்.

தாமிரபரணி உங்களுக்குத் தூரமா?

உங்கள் ஊர் ஆற்றிலேயே செய்யலாம். படிகள் அதேதான், விடைகள் மாறும். மதுரைக் குழந்தைகளுக்கு வைகை. அதில் பெரும்பாலான மாதங்கள் மணல்தான் தெரியும், ஆகவே ஆரஞ்சுத் தோல் எறிய முடியாது. ஆனால் மணலில் குழி தோண்டி எத்தனை அடியில் ஈரம் வருகிறது என்று அளக்கலாம். வைகைத் தண்ணீர் பெரும்பாலும் கடலுக்குப் போகாமல் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் முடிவதால், ஏழாம் படிக்குக் கழிமுகத்துக்குப் பதில் அந்தக் கண்மாய்க்குப் போங்கள். திருச்சிக் குழந்தைகள் முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிவதைப் பார்த்து, கல்லணையில் அது மேலும் பிரிவதைப் பார்க்கலாம். கிளையாறு அவர்களுக்கு இரண்டாம் படியிலேயே வந்துவிடும். சென்னையில் இருப்பவர்களுக்கு அடையாறு. கட்டடங்களுக்கு நடுவே நீர்ப்பிரிமுகடு கண்ணுக்குத் தெரியாது, எனவே முதல் மழை நாளில் தெருத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அம்புக்குறி போட்டுக் குறித்து வரச் சொல்லுங்கள். நான்கைந்து தெருக்களின் அம்புகள் சேர்ந்தால் மேடு எங்கே என்று குழந்தையே கண்டுபிடித்துவிடும்.